பேவர் பிளாக் வந்து இறங்கியாயிற்று, குழி தோண்டிப் பார்த்தீர்களா?

பெங்களூரில் எங்கள் வார்டின் சாலைப் பணிகளைக் கவனிக்கும் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தெருமுனையில் மறுபடியும் பேவர் பிளாக், அதாவது தெருவில் பதிக்கிற சிமெண்ட் கல், வந்து இறங்கியிருக்கிறது. அதே சாம்பல் நிறம், அதே வடிவம். போன தடவை போட்டது தெருவின் கீழ்க்கோடியில் அமுங்கிப் போய் எந்தக் கதியில் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கன்னடத்தில் எழுதிய மனு படங்களோடு உங்கள் மேசையில் இருக்கிறது. நீங்களும் நேரில் வந்து பார்த்து, "நோடோண" (பார்க்கலாம்) என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். உங்களிடம் என்ன கேட்டிருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

கேட்பது ஒன்றுதான். பழைய கல்லைப் பெயர்த்துப் புதிய கல்லை வைப்பதற்கு முன்னால், கீழ்க்கோடியில் குழி தோண்டி அடியில் என்ன மண் என்று பாருங்கள். அந்த மண்ணுக்கும் எங்கள் வாசல் மட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரி திட்டம் போடுங்கள். அதன் பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

பெயருக்குத்தான் இது ஒரே தெரு. மேல்கோடி செம்மண், கொஞ்சம் ஆழம் போனால் உதிர்ந்த பாறை தட்டுப்படும். அங்கே போட்ட கல் இன்றைக்கும் வரிசை குலையாமல் இருக்கிறது. கோயிலைத் தாண்டி இறங்கினால் பழைய ஏரிப் படுகை. மேலே இடிபாட்டையும் கிடைத்த மண்ணையும் கொட்டி மனை பிரித்த இடம். பெங்களூரில் இது அதிசயமும் இல்லை. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆனது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. எங்கள் பக்கத்து ஏரி எங்கள் வீடுகளாக ஆனது. ஏரியைத் தூர்த்துவிட்டோமே தவிர சரிவு அப்படியேதான் இருக்கிறது. மேலே பெய்கிற மழை முழுக்க இந்தப் பக்கம்தான் வருகிறது. அடியில் இருக்கும் களிமண் மழையில் ஊறி உப்புகிறது, மார்ச், ஏப்ரலில் சுருங்கி வெடிக்கிறது.

ஒரே ஒப்பந்ததாரர், ஒரே மாதம், ஒரே கல். மேல்கோடி நிற்கிறது, கீழ்க்கோடி அமுங்கிவிட்டது. கல் மட்டமானது என்று பழி போடவும் முடியாது. அப்படியென்றால் இரண்டு பக்கமும் உடைந்திருக்க வேண்டும். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. பேவர் பிளாக் தனிக்கல்லாக நின்று பாரம் தாங்குவதில்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் விடுகிற 2 முதல் 4 மில்லிமீட்டர் இடுக்கில் காய்ந்த மணல் இறுகி, அந்தப் பிடியில்தான் ஒரு கல் தன் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளுகிறது. அடியில் 20 முதல் 40 மில்லிமீட்டர் மணல், அதற்கு அடியில் இறுக்கிய ஜல்லி, எல்லாவற்றுக்கும் அடியில் மண். மண் பலவீனமாக இருந்தால் ஜல்லியின் கனத்தைக் கூட்ட வேண்டும். களியாக இருந்தால் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்ப வேண்டும். ஜல்லி களிக்குள் புதைந்து போகாமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். மண் எவ்வளவு தாங்கும் என்று அறிய சி.பி.ஆர். சோதனை இருக்கிறது. இந்தக் கல் பதிக்கும் முறைக்கு இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 63 வழிகாட்டி இருக்கிறது. கல்லின் தரத்துக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. உங்கள் அலமாரியிலும் இருக்கும்.

எங்கள் கண் முன்னால் நடந்தது வேறு. பழைய தாரைச் சுரண்டக்கூட இல்லை. அதன் மேலேயே கிரஷர் தூளை, அதாவது ஜல்லி உடைக்கும்போது விழுகிற கல் தூளை, கொட்டிப் பரப்பினார்கள். எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் தூளைக் கூடுதலாகப் போட்டு மட்டம் காட்டினார்கள். ஜல்லியில் சரிசெய்ய வேண்டிய மட்டத்தைத் தூளில் சரிசெய்தால் முதல் மழைக்கே கல் அமுங்கும் என்று எந்த மேஸ்திரியும் சொல்வார். அந்தத் தூள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு ஆட்டோ ஏறினால் இடுக்கு வழியாகச் சேறு பீய்ச்சுகிறது. ஓரத்தில் கல்லைப் பிடித்து நிறுத்த கர்ப் கல் கிடையாது, விரலளவு சிமெண்ட் பூச்சுதான். வண்டி போகிற தெருவுக்கு ஹெரிங்போன் வரிசையில், மீன்முள் மாதிரி கோணலாக மாற்றி மாற்றி, அடுக்கியிருந்தால் கல் நகராது. நேர்வரிசையில் அடுக்கியதால் சரிவைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கல் போட்டால் மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கும், போர்வெல் ஊறும் என்று அப்போது சொன்னார்கள். இறங்கும்தான், அடியில் தூள் கலக்காத ஜல்லி இருந்து, அதற்கும் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற மண்ணும் இருந்தால். கீழே பழைய தாரும் களியும் இருக்கும்போது அது எங்கே இறங்கும்? கல்லுக்கு அடியில் தேங்கி நிற்கிறது. அதை வடிக்க ஒரு துளைக் குழாயாவது பதித்து வடிகாலோடு சேர்க்க வேண்டும். அதுவும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, விஷயம்.

கீழ்க்கோடியில் ஒரு பாட்டியின் வீடு. இரண்டு வாடகைக் குடித்தனங்களும் அவரும் சேர்ந்து மூன்று குடும்பத்துக்கு ஒரே சம்ப். காவிரி பைப் தெருவிலிருந்து வருவதால் இந்த ஊர் வழக்கப்படி அது கேட்டுக்கு உள்ளேயே, வாசலை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வாசலுக்கு ஒரு படி ஏறித்தான் போக வேண்டும். தார் மேல் தார் போட்டுப் படி போயிற்று. அப்புறம் 80 மில்லிமீட்டர் கல்லும் 40 மில்லிமீட்டர் தூளும் ஒரே வாரத்தில் தெருவை இன்னும் அரைச் சாண் தூக்கிவிட்டன. இப்போது தெரு மேலே, சம்ப் மூடி கீழே.

போன செப்டம்பரில் ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் விட்டார்கள். சம்ப் நிரம்பியது. சாயங்காலம் மழை கொட்டியதில் சாக்கடையும் தெருத் தண்ணீரும் கேட்டுக்கு அடியில் புகுந்து, மூடியின் இடுக்கு வழியாக இறங்கிவிட்டன. ராத்திரி யாருக்கும் தெரியவில்லை. காலையில் குழாயைத் திறந்த பிறகு நாற்றத்தில்தான் தெரிந்தது. மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் தெருவில் இறைத்து, ஆள் விட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, அடுத்த முறை தண்ணீர் வரும்வரை டேங்கருக்குக் காசு கொடுத்தார்கள். காவிரிக்காக இரண்டு மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போன கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காவிரி அத்தனை தூரம் கடந்து எங்கள் வாசல்வரை வந்து சேர்ந்தபின், சாக்கடையோடு கலந்து தெருவில் கொட்டினோம். 2024 கோடையில் ஒரு டேங்கருக்காக இந்த ஊர் எப்படிக் காத்துக் கிடந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பாட்டி இப்போது மூடியைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் கட்டியிருக்கிறார். வாடகையில் பிடித்த செலவு. மேகம் கூடினால் மண் மூட்டையை கேட்டுக்கு இழுத்துப் போடுகிறார். வசதியுள்ளவர்கள் வாசலில் சிமெண்ட் மேடு கட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டில் தடுத்த தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது, அதனால் தினம் ஒரு சண்டை. தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் இப்போது பேச்சுவார்த்தையில் இல்லை. தெருவின் மட்டத்தை ஒரு முறை வரைந்து பார்த்திருந்தால் இது எதுவும் வந்திருக்காது.

எங்கள் தெருவில் மட்டம் தவறாத ஒன்று, பூமி பூஜைக்குக் கட்டிய பேனர்தான். கல் போட்ட மூன்றாம் மாதமே இன்டர்நெட் கேபிளுக்கு ஒரு கோஷ்டி வந்து தோண்டியது. மண்ணை மொத்தமாகத் தள்ளி காலால் மிதித்து மூடியது. அப்புறம் தண்ணீர் பைப்புக்கு இன்னொரு கோஷ்டி. நிதியாண்டு முடிகிற நேரத்தில் எங்கிருந்தோ கல் வருகிறது, பில் போகிறது. முதலில் கல், பிறகு பைப், பிறகு மறுபடி கல் என்பதுதான் முறை என்றால் சொல்லிவிடுங்கள், நாங்களும் வீட்டை முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம் கட்டப் பழகிக்கொள்கிறோம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நீங்கள் இந்த வார்டுக்கு வருவதற்கு முன்பே நடந்த வேலை அது என்பதும், ஆள் பற்றாக்குறையில் பல தெருக்களை ஒருவரே பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். தவறு யாருடையது என்று கேட்க இதை எழுதவில்லை.

தயவுசெய்து, குழி தோண்டிப் பாருங்கள். கீழ்க்கோடியில் இரண்டு இடத்தில் போதும், ஒருநாள் வேலை. களி என்று தெரிந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாகத் திட்டமும் மதிப்பீடும் போடுங்கள். மேல்கோடியில் நன்றாக இருக்கும் கல்லை ஏன் பெயர்க்க வேண்டும்? அதற்கு ஆகிற பணத்தைக் கீழே ஜல்லிக்கும் வடிகாலுக்கும் திருப்பலாம். பழைய தாரை முழுக்க எடுத்து, கல்லின் மேல்மட்டம் எங்கள் வாசல்களுக்குக் கீழே நிற்கும்படி வையுங்கள். பைப், கேபிள்காரர்களை முதலில் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தோண்டிய பள்ளத்தை ஒவ்வொரு அடுக்காக இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

முதல் குழியை எங்கள் வீட்டு வாசலிலேயே தோண்டலாம். வண்டிகளை எடுத்து வழிவிடுவதாகக் கீழ்க்கோடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தத் தாளும் இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை தெருமுனையில் இருக்கும் கல்லை யாரும் அடுக்க ஆரம்பிக்க வேண்டாம் என்று ஒப்பந்ததாரரிடம் தெரிவித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்க்கோடி வீட்டுக்காரர்களில் ஒருவர்,
பெங்களூர்