கன்னிப்பூ என்ன பூ

அன்புள்ள மக்களே,

ஃபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தேன். உன் அம்மை பக்கத்தில் உட்கார்ந்து, சக்கை காய்த்ததையும் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பதையும் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு மெல்பர்னில் படுக்கிற நேரம் ஆகிவிடுகிறது. எனக்குக் காதும் சரியில்லை. நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று கேட்க, நடுவில் அம்மை வேறு ஒன்றுக்குச் சிரிக்க... சரி, எழுதியே அனுப்புவோம். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கைநடுக்கம் என்று எடுத்துக்கொள். சந்திப்பிழை இருந்தால் மட்டும் சொல், அது வேறு வியாதி.

நீ அனுப்பிய கதையைப் படித்துவிட்டேன். படித்தேன் என்றால், கேட்டேன். புரை எடுத்து லென்ஸ் வைத்தபிறகு தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரிகிறது, ஃபோனில் இருக்கிற எழுத்து மட்டும் எறும்பு ஊருகிற மாதிரிதான் இருக்கிறது. அந்தப் பையன்தான் வாசித்தான். ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டி, பாறையில் கால் வைத்து ஆற்றைத் தாண்டுகிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தாண்டி வாசிக்கிறான். நான் வழக்கம்போல மனதுக்குள் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாததா.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ‘பாட்டா, கன்னிப்பூன்னா என்ன பூ?’

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. பூ என்றால் போகம் மக்களே, நெல்லுப் போகம், மலையாளக் கணக்கில் கன்னி மாதம், அதாவது நம்ம புரட்டாசி வாக்கில் அறுப்பதால் கன்னிப்பூ, அதற்குப் பிறகு நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ, பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டால் சானல் வழியாக இங்கே வந்துசேர இத்தனை நாள் ஆகும் என்று எங்கள் அப்பா விரல்விட்டு எண்ணுவார் என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் தலையாட்டினான். அவன் வீடு நிற்கிற இடமே பதினைந்து வருஷத்துக்கு முன்பு கன்னிப்பூ விளைந்த வயல்தான், இப்போது அவன் படுக்கிற அறைக்குக் கீழே எங்கேயோ வரப்பு கிடக்கிறது. அதையும் சொன்னேன். ‘சும்மா சொல்லாதீங்க பாட்டா’ என்றான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வயதில் தூக்கம் வராதது பெரிய செய்தி இல்லை, ஆனால் அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. விடிந்ததும் பையனைக் கூப்பிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் வெண்பா நோட்டுகளை இறக்கச் சொன்னேன். ஒன்பது நோட்டு, இரண்டைச் செல் அரித்துவிட்டது. மிச்சம் இருந்ததை லென்ஸ் கண்ணாடி வைத்து நாலு நாள் பார்த்தேன். எழுநூறு வெண்பாவாவது இருக்கும். முல்லை இருக்கிறது, குறிஞ்சி இருக்கிறது, கயல்விழி எத்தனையோ தடவை. அன்னம் நீந்துகிறது. நான் வாழ்நாளில் அன்னத்தைப் பார்த்ததில்லை மக்களே. தேரூர்க் குளத்தில் கூழைக்கடா வந்து இறங்குவதைப் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தவன் நான், அந்தப் பறவைக்கு என் பாட்டில் ஒரு சீர்கூட இடம் கொடுக்கவில்லை. கன்னிப்பூ இல்லை. மரச்சீனி இல்லை. அம்மன்கோயில் கொடை இல்லை. உன் அம்மை பேசுகிற ஒரு வார்த்தை இல்லை.

நீயோ அசை சீர் தளை எதுவும் வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனவள். உன் கதையில் எல்லாம் இருக்கிறது.

1993ஐ நீ மறந்திருக்க மாட்டாய். காலேஜ் மலரில் வந்த உன் முதல் கதையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாய், நான் மோர்ச்சாதம் ஆறுகிற நேரத்தில் திருத்திக் கொடுத்தேன். மார்ஜினில் ‘கொச்சை’, ‘கொச்சை’ என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தேன். நான் எண்ணவில்லை, நீ எண்ணிச் சொன்னாய். கீழே ‘உரைநடை ஒழுங்கு தேவை’ என்று கையெழுத்து வேறு. பரீட்சைப் பேப்பருக்குப் போடுகிற மாதிரி. அதற்கப்புறம் நீ எழுதிய எதையும் எனக்குக் காட்டவில்லை, வடசேரிப் பஸ் ஸ்டாண்டில் யாராவது கையைப் பிடித்து ‘மகள் எழுதினது பத்திரிகையில பாத்தேன் சார்’ என்று சொன்னால்தான் எனக்குத் தெரியும். நானும் படித்த மாதிரி தலையாட்டிவிட்டு வருவேன்.

ஏன் அப்படி இருந்தேன் என்பதை உனக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லுகிறேன், நியாயப்படுத்த இல்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். தமிழ் படிப்பது என்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பாடம் இல்லை, பிடிவாதம். ஆகையினால் சேர்ந்த பிறகு நாங்கள்தான் எல்லோரையும்விட நல்ல தமிழர்கள் என்று நிரூபிக்க வேண்டிய ஒரு வெறி இருந்தது. அப்புறம் நான் புலவர் படிப்புக்கு மதுரைப் பக்கம் போனேன். முதல் நாள் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். ‘கொள்ளாம்’ என்றேன், நன்றாக இருக்கிறது என்பதற்கு நம்ம ஊர்ப் பேச்சு. அவ்வளவுதான். மூன்று வருஷம் எனக்கு அதுதான் பெயர். ‘ஏய் கொள்ளாம், இங்க வா.’ மலையாளத்தானா நீ என்று ஒருவன், உங்க ஊரில் தமிழ் உண்டா என்று இன்னொருவன். நான் சண்டை போடவில்லை. வாயைக் கழுவினேன். ‘ஆக்கும்’ போயிற்று, ‘கொள்ளாம்’ போயிற்று, ‘பைய’ போயிற்று, லீவுக்கு வீட்டுக்கு வந்தால் என் அம்மையே ‘என்ன மக்கா, ரேடியோல பேசுத மாதிரி பேசுத’ என்று கேட்கிற அளவுக்குக் கழுவினேன். முப்பது வருஷம் கழித்து என் மகள் அந்த ‘கொள்ளா’மை அச்சில் ஏற்றிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைக்கிறாள். எனக்கு என்ன தோன்றியிருக்கும், நீயே யோசி.

இதில் கேலி என்னவென்றால், நான் வகுப்பில் நடத்தியதிலேயே இதற்குப் பதில் இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் எட்டு வனப்பு வரும்: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. அதில் புலனுக்கு இலக்கணம் சொல்லும்போது ‘சேரி மொழியாற் செவ்விதிற் கிளந்து’ என்று தொடங்குவார். ஊரில் புழங்குகிற பேச்சாலே, அகராதியைத் தேடி ஓடாமல் பொருள் விளங்கும்படி சொல்வதும் ஒரு செய்யுள் அழகு என்கிறார். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, அடுத்த பீரியடில் கட்டுரை நோட்டில் ‘கொச்சை’ என்று சுழித்திருக்கிறேன். ஒரு நாள்கூட இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. விருந்து என்று அவர் சொல்வது என்ன, புதிதாகப் புனைவது. பழசுக்குத் தொன்மை என்று ஒரு பெயர், புதுசுக்கு விருந்து என்று ஒரு பெயர், இரண்டும் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்த விருந்தை நான் திண்ணையிலேயே நிறுத்திவிட்டேன். (நன்னூலின் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ சூத்திரத்தை மட்டும் எனக்குப் பதிலாக எடுத்து அனுப்பிவிடாதே. எவன் எதைக் கெடுத்தாலும் அதைத்தான் முதலில் சொல்கிறான்.)

அப்புறம் கவிமணி. அவர் ஓய்வுபெற்ற பிறகு இருந்த புத்தேரி நம்ம வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான், சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். எதற்குச் சொன்னேன்? மரபுக்கவிதைக்கு நம்ம ஊர் சாட்சி என்று. அவர் மருமக்கள்வழி மான்மியத்தில் செய்தது என்ன என்பதை நான் வசதியாக விட்டுவிட்டேன். சொத்து மகனுக்கு இல்லை, மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்கு என்ற வழக்கம் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளை எப்படி அரித்தது என்பதை, ஒரு காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள் வாயால், அடுக்களைப் பேச்சோடும் வசவோடும் அகவலில் சொன்னார். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கு என்று தனிச் சட்டமே வந்து அந்த வழக்கத்தை மாற்றியது. பாட்டு பழைய யாப்பு, பேச்சு அடுக்களைப் பேச்சு, விஷயம் அன்றைக்கு ஊரில் பற்றி எரிந்தது. நான் யாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம்ம நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு பசுவய்யா என்ற பெயரில் புதுக்கவிதை எழுதிய சுந்தர ராமசாமி இருந்த காலத்தில், அந்தத் தெருவழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையாவது போய்ப் பேசிப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. வசனத்தை மடக்கிப் போடுகிறவர்கள் என்று ஆசிரியர் அறையில் பேசிச் சிரித்ததோடு சரி.

இதெல்லாம் சொன்னதும் அப்பா கட்சி மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. யாப்புத் தெரியாமல் யாப்பை உடைத்தேன் என்கிறவனை இப்போதும் எனக்குப் பிடிக்காது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாதவன் அதை உடைத்தேன் என்று சொல்வதில் என்ன பெருமை. நீ யாப்பு படித்தவள், அழுதுகொண்டே படித்தாலும் படித்தவள், உன் வாக்கியத்தில் அந்த நடை தெரிகிறது. இன்னொன்று, உன் கதையில் வருகிற கிழவி ஒரே மூச்சில் நாலு ‘ஆக்கும்’ போடுகிறாள். எந்தக் கிழவி மக்களே அப்படிப் பேசுகிறாள்? வெளியூர்க்காரனுக்குக் காட்டுவதற்காகப் பேசுகிற கிழவி அவள். உன் அம்மையைப் பார், ஒரு நாளைக்கு நாலு ‘ஆக்கும்’ வந்தால் அதிகம், ஆனால் வருகிற இடத்தில் கத்தி மாதிரி வரும். அப்புறம், கொடைப் பகுதியில் வில்லுப்பாட்டுக் குடத்தைக் கம்பால் அடிப்பதாக எழுதியிருக்கிறாய். வீசுகோல் வில்லுக்கு. குடத்தின் வாயில் அடிப்பது பத்தி என்கிற மட்டை. நீ அண்ணாவிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்து, பாதியில் என் மடியில் தூங்கிப்போனவள், இதை விடலாமா? கடைசிப் பக்கத்தில் கன்னிப்பூவை மாசியில் அறுக்கிறாய். அதைக் கேட்டதும் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பையனே சொன்னான், ‘பாட்டா, அது கும்பப்பூல்லா?’ ஒரு மணிநேரத்துக்கு முன்னால் பூவா என்று கேட்டவன்.

உன் அம்மை கதை முழுக்கக் கேட்டாள். அடுக்களை வாசலில் நின்று, தீயலுக்கு வறுத்த தேங்காய் கருகுகிறதுகூடத் தெரியாமல் கேட்டாள். ‘சவத்து மூதி’ என்று ஒரு இடத்தில் வந்ததும் பையன் என்னைப் பார்த்தான், வாசிக்கலாமா வேண்டாமா என்று. ‘வாசி, அச்சிலதானே இருக்கு’ என்றாள் அவள். எல்லாம் முடிந்ததும் என்னிடம், ‘அப்பொ நான் பேசினா கொச்சை, மவ எழுதினா இலக்கியம், அப்படித்தானே?’ என்றாள். ஐம்பத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் போல. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டுவலி அப்படியேதான். படி ஏறுவதில்லை. நேற்றுப் பார்த்த ஆளின் பெயர் மறந்துபோகிறது, செய்யுளியல் சூத்திரம் மறக்கவில்லை, இது என்ன கணக்கோ. மாதம் ஒருமுறை ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாலைந்து பேர் கூடி ஆளுக்கொரு வெண்பா வாசிப்போம். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்களுடையதைக் கடைசியாக ஒருமுறை திருத்திக்கொண்டிருப்போம். யாரும் யாருடையதையும் கேட்பதில்லை. போன மாதம் நான் வெண்பா வாசிக்கவில்லை, உன் கதையின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் ‘எழுத்து நடை கொச்சையா இருக்குமே’ என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை.

கன்னிப்பூ. அசை பிரித்துப் பார்த்தேன். கன், னிப், பூ. நேர், நேர், நேர். தேமாங்காய். அடுத்த சீர் நேரில் தொடங்கினால் வெண்பாவில் சப்பணம் போட்டு உட்காரும். இத்தனை வருஷமும் இடம் இருந்திருக்கிறது. கும்பப்பூவும் தேமாங்காய்தான். போன திங்கள்கிழமையிலிருந்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று அடி வந்துவிட்டது. ஈற்றடியில் மூன்றே சீர்தான் வேண்டும், பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. உன் அம்மையிடம் ஒரு வார்த்தை கேட்டேன். இரண்டு சொன்னாள், இரண்டும் தளை தட்டுகிறது, ஆனால் இரண்டும் நான் யோசித்து வைத்திருந்ததைவிட நல்ல சொல்.

அடுத்த கதையை அனுப்பும்போது எழுத்தைப் பெரிசாக்கி அனுப்பு, முடிந்தால் ஒரு பகுதியை நானே வாசிக்கிறேன். பையனுக்குச் சனிக்கிழமை டியூஷன், ஞாயிறு காலையில்தான் வருவான். அவனுக்கு அம்மை மட்டிப்பழம் வாங்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா