படங்கு தந்தவர்களுக்கும் படகு தர மறுத்தவருக்கும்

நிலாவெளி, இறக்கக்கண்டி உறவுகளுக்கு,

வணக்கம். சென்ற வார இறுதியில் உங்கள் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய திருகோணமலை உவர்மலைக் குடும்பம் எழுதுகிறது. இலண்டனிலிருந்து இலையுதிர்கால விடுமுறைக்கு வந்த என் தங்கையின் பிள்ளைகள் பிடித்த பிடிவாதம்தான் அந்தக் கூடாரம். அவர்களுக்கு அது இலையுதிர்காலம், நமக்கோ ஐப்பசி. கச்சான் காற்று ஓய்ந்து வாடைக் காற்று இன்னும் நிலைகொள்ளாத நாட்களில் காலை வெயிலுக்குப் பிணை நிற்க யாராலும் முடியாது. பிற்பகலில் மேற்கே கறுத்தால் இடியோடுதான் வரும்.

கரைவலை வாடி ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தென்னைக்குக் கீழே வேண்டாம் தம்பி, வாடிக்குப் பின்னால் கொண்டுபோங்கள்" என்றீர்கள். நாங்கள் கேட்காமலே மண்வெட்டியை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டி, அதைக் கடல் பக்கம் இறக்கிவிட்டீர்கள். உங்கள் மகன்மார் மேலே தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள். மணலில் அடித்த முளையைக் காற்றுப் பிடுங்கிவிடும் என்று, உரப்பைகளில் ஈர மணலை நிரப்பிப் புதைத்து, அவற்றிலே கயிற்றை முடிந்தார்களே, அந்த வித்தை கூடாரத்தோடு வந்த கையேட்டில் இல்லை. இரவு மழை கொட்டியது. கானில் தண்ணீர் ஓடியது. உள்ளே பாய் நனையவில்லை. 'எந்த மழைக்கும் தாங்கும்' என்று விற்ற கடைக்காரருக்கு இந்த மடலில் பங்கில்லை.

இடி தொடங்கியதுமே பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட அக்கா, உங்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் மீன் சொதியும் எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கின்றன.

படகுக்காரத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை வானம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. புறாமலைத் தீவுக்குப் போக இரட்டைக் கூலி தருவதாக என் மைத்துனர் சொன்னார். நீங்கள் அலை உடையும் இடத்தைக் காட்டி, "போகலாம் அண்ணா, திரும்பி வருவதற்குத்தான் உறுதி சொல்ல முடியாது" என்று படகை மேலே இழுத்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்திலேயே கடல் நிறம் மாறியது. கிடைக்கவிருந்த காசை வேண்டாம் என்றவருக்கு நன்றி என்ற சொல் போதாது.

முகம் தொங்கிய பிள்ளைகளை வான்காரர் அண்ணாதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத் திருப்பினார். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. எது அதிகம் சுடுகிறது என்று வாளியால் அள்ளி ஊற்றிச் சண்டை பிடித்ததில் புறாமலை மறந்துபோயிற்று.

ஐயா, படங்கைக் கழுவிக் காயவைத்து வான்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். அக்கா, சொதிக்கு எத்தனை பச்சை மிளகாய் போட்டீர்கள் என்று என் மனைவி கேட்கிறார். பதிலை வான்காரரிடமே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உவர்மலைக் குடும்பத்தார்