முகாமில் நாற்காலியும் ஆறு நிமிட நடையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோய், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒன்று. ஆனாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்கு வருகிறவர்களிடம் "நல்லாத்தானே நடந்து வர்றீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். பத்தடி நடையில் ஒன்றும் தெரியாதுதான். அதே ஆள் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்ற பிறகு நடந்தால் கால் இழுக்கும், பேச்சு குழறும், கண் மங்கும். வீட்டிலோ இந்த அசதிக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

இந்நோயில் நரம்பின் மேலுறை அரித்துப்போன இடத்தில் சமிக்ஞை ஏற்கெனவே தடுமாறித்தான் கடக்கிறது. உடல்சூடு அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிலருக்கு அதுவும் நின்றுவிடும். உடலை வருத்திய பிறகு இவர்களுக்குப் பார்வை சற்று நேரம் மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-இல் எழுதிவைத்தார்; காரணம் சூடு என்பது பின்னர்தான் தெரிந்தது. ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டறியவும் முயன்றார்கள். நாமோ எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்க வெந்நீர் ஊற்றி, அதே சோதனையை வாராவாரம் வீட்டில் நடத்துகிறோம்! எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கட்டும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றிலேயே ஈரம் என்பதால் வியர்வை காயாது. மின்விசிறி மட்டும் உதவாது. இரண்டு துண்டுகளை நனைத்துப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்து, பிடரியில் ஒன்று, உள்ளே ஒன்று என்று கால்மணிக்கொரு முறை மாற்றலாம். வெளியே கிளம்பும் முன் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் குளிப்பதும் கைகொடுக்கும். எடுத்த எடுப்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, கால் விறைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குளிர்த்த வேண்டும்.

அடுத்தது வேலை. இரண்டு வாரம் மணிக்கொருமுறை அசதிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால், எந்த நேரத்தில் உடம்பு விழுகிறது என்று பிடிபடும். பெரும்பாலும் பிற்பகலில்தான். விழுவதற்கு முன்பே 20 நிமிடம் படுத்துவிட வேண்டும். விழுந்த பிறகு படுத்தால் இரண்டு மணி நேரமானாலும் தேறாது. 'இன்னிக்கு நல்லா இருக்கே' என்று ஒரே நாளில் எல்லாத் துணியையும் துவைத்துவிட்டு இரண்டு நாள் படுத்துக்கிடப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அரிவாள்மனையில் காய் நறுக்குவதைவிட, அதற்காகத் தரையில் உட்கார்ந்து எழுவதற்கே அதிகத் தெம்பு செலவாகும். மேசையும் கத்தியும் போதும்.

உடற்பயிற்சி கூடாது என்பது பழைய எண்ணம். வாரம் இருமுறை, வெயிலேறும் முன், அரைமணி மிதமான நடை. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவு.

எல்லா அசதிக்கும் இந்நோயே காரணமில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்க வேண்டும். மனச்சோர்வும் சிறுநீர்த் தொற்றும் ஆளைச் சாய்க்கும். அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்தால் தொற்றுதான் வரும். பகலில் நன்றாகக் குடித்து, இரவு 7 மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. தசை இறுக்கத்தைத் தளர்த்தத் தரும் பேக்லோஃபென் மாத்திரை பகலில் தூக்கத்தைக் கொடுத்தால் மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்துவது ஆபத்து. அசதிக்கென்றே எழுதித் தரும் அமாண்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. சூட்டால் வந்த தொல்லை உடல் குளிர்ந்ததும் அடங்கும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய தொல்லை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான்: முகாமில் இவர்களுக்குக் காலையிலேயே டோக்கனும் நிழலில் நாற்காலியும் கொடுங்கள். நடக்கவைத்துப் பார்ப்பதானால் பத்தடியோடு நிறுத்தாமல் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
கும்பகோணம்