லானை எடுத்துவிட்டோம்

அன்பு மகளுக்கு,

வீடியோவில் முன்வாசலைப் பார்த்துவிட்டு "லானை ஏம்பா எடுத்தீங்க?" என்று கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

லானில் இருந்த மெக்சிகன் புல் பெங்களூர் கோடையில் பச்சையாக நிற்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது கேட்கும். நம்முடைய 50 சதுர மீட்டருக்கு அது 250 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. கிட்டத்தட்ட இரண்டு பேர் பங்கைப் புல் குடித்தது. அதுவும் தொரெகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், மூன்று இடங்களில் பம்ப் வைத்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அபராதம் கிடக்கட்டும். தெருமுனையில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும்போது புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் மழைக்கு முன்னால் பழைய புல்லை வேரோடு கொத்தி எடுத்தோம். வெயில் நன்றாக விழும் நடுப்பகுதியில் கொழுக்கட்டைப்புல், மதில் ஓரச் சரிவில் வெட்டிவேர், நடக்கிற பாதைக்கு அருகம்புல். கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சு போல லேசு, காற்றில் பறந்துவிடும். ஈர மணலில் கலந்து தூவி, மேலே மண் லேசாகத்தான் போட்டோம். வேர் பிடிக்கும்வரை, மழை இடைவெளி விட்ட நாட்களில் மட்டும் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றினாள் அம்மா. பிள்ளையார் சதுர்த்திக்கு இனி அருகம்புல் வாங்க வேண்டாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். வெட்டிவேரைக் கோடைக்குப் பானைத் தண்ணீரில் போட வேண்டுமாம். வேர் முற்ற ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் பாம்பு வரும் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். அதனால் மதிலை ஒட்டி உயரமான புல்லைக் குறைத்து, பாதையை அகலமாக விட்டிருக்கிறோம். கதிர் விட்டதிலிருந்து சில்லைக் குருவிகள் கூட்டமாக வருகின்றன. லான் இருந்தவரை அவற்றை இங்கே பார்த்ததே இல்லை.

முக்கியமான விஷயம் இனிதான். நீ ஏப்ரலில் வரும்போது நடுப்பகுதி முழுக்க வைக்கோல் நிறத்தில் இருக்கும். செத்துப்போச்சு என்று குழாயைத் திறந்துவிடாதே. தாள் காய்ந்தாலும் அடியில் தூர் உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். பெங்களூருக்கு வெளியே இருக்கிற ஹெசரகட்டா புல்வெளியும் கோடையில் அப்படித்தான் கிடக்கும். அதைத் தரிசு என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! நல்லவேளை, 2024இல் அதைப் பாதுகாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது. இந்த ஊர்க் கோடைக்கு அந்த நிறம்தான் இயல்பு. பச்சையை வலிந்து வைத்திருக்கத்தான் நாம் இத்தனை வருஷம் தண்ணீரைக் கொட்டினோம்.

மழைக்கு முன் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும், வருஷத்தில் அந்த ஒரு வேலைதான். டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, நீ வரும்வரை அறுப்பைத் தள்ளி வைக்கிறேன். மாப்பிள்ளையிடமும் குழாய் விஷயத்தைச் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா