நிலவைப் படம்பிடித்தவர் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய புராணப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. சிறுவயதில் வாய்பிளந்து பார்த்த 'மாயா பஜார்' படத்தை இன்று பார்த்தால் தந்திரக் காட்சிகள் சிரிப்பைத்தான் வரவழைக்கின்றன, அந்தக் காலத்துக்கு அதுவே அதிகம், சிறுவர் படம்தானே, இன்றைய குழந்தைகளும் சிரிப்பார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எழுதியவர் அவர்தான், நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கண்ணில் படாமல் ஒரு வரியும் அச்சேறாது என்று நம்பித்தான் இத்தனை வருடமாக உங்கள் இதழை வாங்கி வருகிறேன்.

நான் மயிலாடுதுறையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். கல்யாணப் படம்தான் பிழைப்பு. மணப்பெண்ணின் முகம் ஒரு பக்கமும், நினைவில் வருவதுபோல் மாப்பிள்ளையின் முகம் மேல்மூலையிலுமாக ஒரே நெகட்டிவில் விழவைக்கும் படத்தை அன்று கேட்காத வீடு கிடையாது. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறை எடுத்து, ஃபிலிமை நகர்த்தாமல் மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். அட்டை மயிரிழை விலகினாலும் நடுவில் கோடு விழும். வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் இரண்டு முகமும் இரண்டு ஊர் முகமாகத் தெரியும். அசையாத படத்துக்கே இந்தப் பாடு. அந்தக் கண்ணோடுதான் போன மாதம் 'மாயா பஜாரை' மறுபடி பார்த்தேன்.

கிருஷ்ணன் வீட்டில் ஒரு பெட்டி வருமே, திறந்தவருக்கு எது பிரியமோ அது உள்ளே தெரியும் பெட்டி. பலராமனின் மகள் வத்சலா திறந்தால் உள்ளே அவள் காதலன் அபிமன்யு அசைகிறான், பாடுகிறான். வெளியிலிருந்து அவளும் சேர்ந்து பாடுகிறாள். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று நிறுத்தி நிறுத்தித் தேடினேன். என் தொழில் கண்ணுக்கே அகப்படவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத 1957இல், கறுப்பு வெள்ளை ஃபிலிமில், ஒரு தவறு நேர்ந்தால் முழுக் காட்சியையும் மறுபடி எடுத்தாக வேண்டிய காலத்தில் செய்த வேலை அது. இதைப் பார்த்தா ஐயா சிரிப்பு வருகிறது?

செய்தவர் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. உங்கள் கட்டுரையில் நாயகன், நாயகி, தயாரிப்பாளர், ஏன், பிற்காலத்தில் அந்தப் படத்தைப் புகழ்ந்தவர்கள் பெயர் வரைக்கும் இருக்கிறது. பார்ட்லியின் பெயர் இல்லை. 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டில் ஓடத்தின் மேலும் தண்ணீரின் மேலும் விழுகிற அந்த நிலவொளி அவர் உண்டாக்கியது. 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', மலையாளத்தில் 'செம்மீன்' எல்லாம் அவர் கை. 'சாந்தி நிலையம்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும்கூட உங்கள் பக்கத்தில் கிடையாது. துவாரகையை அரங்கமாக எழுப்பியவர்களுக்கு ஒரு வரி இடமில்லையா?

இது இன்றைக்கு நேற்று ஏற்பட்ட மனக்குறை அல்ல. முன்பு ஒரு தீபாவளி மலரில் 'கல்யாண சமையல் சாதம்' பாட்டைப் பாடியவர் சீர்காழி கோவிந்தராஜன் என்று போட்டீர்கள். பாடியவர் திருச்சி லோகநாதன், எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ் என்று அப்போதே கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. பிறகு ஒரு பேட்டியின் முன்னுரையில் இந்தப் படத்தைத் தெலுங்கிலிருந்து டப்பிங் செய்யப்பட்டது என்றீர்கள். இயக்குநர் கே.வி.ரெட்டி இதைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார். தெலுங்கில் நாகேஸ்வர ராவ் செய்த அபிமன்யுவைத் தமிழில் செய்தவர் ஜெமினி கணேசன். தமிழ்ப் படத்தின் சகுனி எம்.என்.நம்பியார், வத்சலாவுக்கு மாப்பிள்ளையாக வரும் துரியோதனன் மகன் லக்கண குமாரன் தங்கவேலு. வடபழனியில், நம் ஊர் ஸ்டூடியோவில், நம் நடிகர்கள் நடித்த படத்தை இரவல் சரக்காக எழுதிவிட்டு அதற்கும் மௌனமாக இருந்தீர்கள்.

வத்சலாவாக நடித்த சாவித்திரி விஷயம் இன்னும் வலிக்கிறது. அவரைப் பற்றி உங்கள் இதழில் எப்போது வந்தாலும் கடைசிக் காலம், கடன், குடி, ஆஸ்பத்திரி இவைதான். நானும் பெண்ணைப் பெற்றவன், படிக்க மனசு வரவில்லை, பக்கத்தைப் புரட்டிவிடுவேன். கடோத்கஜன் வத்சலாவாக உருமாறிய பிறகு அந்த அம்மாள் நடக்கிற நடையை உங்கள் கட்டுரையாளர் பார்த்தாரா? புடவை, நகை, முகம் எல்லாம் பெண்ணுடையது. தோளும் பார்வையும் கடோத்கஜனாக நடித்த ரங்காராவினுடையது. யாராவது வந்தால் சட்டென்று நாணுகிறார், அவர்கள் திரும்பியதும் அரக்கனாகிறார். அங்கே எந்தக் காமிரா வித்தையும் கிடையாது, உடம்பு ஒன்றுதான். சிறுவயதில் எனக்கு அது வெறும் வேடிக்கை. இப்போது பார்க்கையில் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நடிகையின் வேலையைப் பற்றி எழுத உங்களிடம் பக்கம் இல்லாமல் போனதே என்றுதான்.

இன்றைய குழந்தைகள் சிரிப்பார்கள் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி ஆறாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தாள். சிரித்தாள், உண்மைதான். மணமேடையில் மாய வத்சலா, அதாவது உருமாறிய கடோத்கஜன், லக்கண குமாரன் காலை மிதிக்க, தங்கவேலு முழிக்கிற முழியைப் பார்த்துச் சிரித்தாள். லட்டுகள் தாமாக எழும்பி ரங்காராவின் வாய்க்குள் போனபோது அவள் சிரிக்கவில்லை. "தாத்தா, திரும்பப் போடுங்க" என்றாள். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் திரும்பப் போடச் சொல்லும் வசதி இல்லை. ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், அந்த இடைவெளியில் பார்த்த காட்சியை ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டிக்கொள்வோம்.

படத்தில் பெரியவர்களுக்கென்று ஒளித்துவைத்த சங்கதிகளும் இப்போதுதான் என் கண்ணில் பட்டன. பாரதக் கதைதான், ஆனால் பாண்டவர்கள் ஒருவர்கூடத் திரையில் வரவில்லை. அந்தப் பிரியப் பெட்டியைப் பலராமனின் மனைவி ரேவதி திறந்தால் தெரிவது நகைகள். பலராமனுக்குத் துரியோதனன். கிருஷ்ணனுக்கோ சகுனி. சூதாட்டத்தில் பாண்டவர்களின் நாடு போனதும், அபிமன்யுவுக்கும் வத்சலாவுக்கும் சின்ன வயதில் பேசி வைத்த சம்பந்தத்தை, சுபத்திரையின் அண்ணன் பலராமனும் அண்ணியும் கைகழுவுகிறார்கள். சுபத்திரை பிள்ளை அபிமன்யுவை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறாள். சொத்து போன வீட்டில் பெண் கொடுக்க மறுக்கிற கதையை எத்தனை கல்யாணக் கூடங்களில் காமிராவும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன்! நகைப் பெட்டியைக் காட்டிய இடத்திலேயே கே.வி.ரெட்டி அதைச் சொல்லிவிட்டார். சிறுவர் படம் என்று நீங்கள் ஒதுக்கிய படம் இது. இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி 2013இல் ஓர் ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றதும் இதே 'மாயா பஜார்'தான்.

தெலுங்குப் படத்துக்கு 2010இல் வண்ணம் பூசித் தியேட்டரில் வெளியிட்டார்கள், மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் தமிழ்ப் படத்தைத் தொலைக்காட்சியில் பாட்டை வெட்டி, மூலையில் விளம்பரம் ஓடவிட்டுப் போடுகிறார்கள். அதைக் கேட்க வேண்டிய பத்திரிகைகளும் இப்படி எழுதினால் வாசகன் யாரிடம் போய்ச் சொல்வது?

பதில் கட்டுரைக்கு இடம் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: 'மாயா பஜார்' ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, 'கல்யாண சமையல் சாதம்' பாடியவர் திருச்சி லோகநாதன். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு வரியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை.