நட்சத்திரச் சின்னம்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கு வெயிலைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. ஆகவே தாங்கள் கேட்டதற்கே, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி எழுந்ததும் சரிந்ததும் ஏன் என்பதற்கே, நேரே வருகிறேன்.

தொரப்பாடிச் சிறையைக் கடக்கும்போதெல்லாம் ராஜாஜியின் நினைவு வரும். சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணபலமும் மக்களை வாட்டும் என்று 1922-இல் அங்கிருந்தே நாட்குறிப்பில் எழுதியவர் அவர். நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை பற்றிய காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் 1959 ஜனவரியில் நிறைவேறியதும், எண்பது வயதில், மினூ மசானியையும் விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்காவையும் சேர்த்துக்கொண்டு அவ்வாண்டே கட்சி கண்டார். குடியாத்தத்தை அடுத்து மூன்று காணி வைத்திருந்த என் தந்தைக்குத் தாராளவாதம் என்ற சொல்லே தெரியாது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமும், கிணற்றுச் சுவர் கட்ட சிமெண்டு பர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையும் அவரைக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தின் பக்கம் தள்ளின. எதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருந்த நிலையை லைசென்ஸ்–பர்மிட்–கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி சாடியபோது, தம் வீட்டுக் கதையையே ஒருவர் மேடையில் சொல்வதாக அவருக்குப் பட்டது.

மக்களவையில் 1962-இல் 18 இடம், 1967-இல் 44 இடம். இதைத்தான் எழுச்சி என்கிறார்கள். என் கருத்தில், நம் மாநிலத்தைப் பொறுத்தவரை நோயும் அந்த வெற்றியிலேயே இருந்தது. சட்டமன்றத்தில் கிடைத்த 20 இடங்களும் பெரும்பாலும் தி.மு.க. கூட்டணியின் தோளில் ஏறிப் பெற்றவை. அண்ணாவுக்குத் தனித்தே பெரும்பான்மை கிடைத்துவிட்டதால், ஓட்டு எண்ணி முடிந்த அன்றே தோழமைக் கட்சியின் தேவையும் முடிந்துபோனது. எங்கள் ஊரில் கிளை என்று சொல்ல ஒரு திண்ணைகூட இருந்ததில்லை. வடக்கிலோ, ஒரிசாவிலும் ராஜஸ்தானத்திலும் சமஸ்தானத்தாரின் செல்வாக்கே கட்சியைத் தாங்கியது. வங்கிகள் நாட்டுடைமையானதையும் முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தின் ஒழிப்பையும் எதிர்த்தபோது, கொள்கைக்காகவே எதிர்த்தாலும், பணக்காரர் கட்சி என்ற பெயரே நிலைத்தது. 'வறுமையே வெளியேறு' என்ற இந்திரா காந்தியின் முழக்கத்தின் முன் 1971-இல் மிஞ்சியவை 8 இடங்கள்.

தந்தை 1954 இடைத்தேர்தலில், ராஜாஜி விட்டுச்சென்ற முதல்வர் நாற்காலியில் அமர்ந்த காமராஜருக்குக் குடியாத்தத்தில் ஓட்டுப் போட்டவர்; 1967-இல் ராஜாஜிக்காகக் காமராஜரை எதிர்த்தார்; 1971-இல் இருவரும் ஒரே அணியில் நின்றபோது, "இதை முன்பே செய்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். கட்சியும் 1974-இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

சிமெண்டுக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவு தளர்ந்தபோது கட்சியும் இல்லை, தந்தையும் இல்லை. கிணற்றின் கீழ்ப்புறச் சுவர் இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது.

தங்கள் அன்புள்ள நண்பன்