உன் சீவாளி உன் உதடுதான்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் காங்கேயத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நீ வாசித்ததை மண்டப வாசலில் நின்று கேட்டேன். முதல் அரை மணி நேரம் தெருவே உன் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு மேல் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயி ‘ப’, வந்த இடங்களில் எல்லாம், வலது சுண்டுவிரலைக் கொக்கியில் மாட்டி டிரம்பெட்டை முகத்தோடு இழுத்தாய். தண்ணீர் குடிக்க நீ வந்தபோது, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸின் வட்டம் உன் உதட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைக் கண்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

உன் வயதில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் நானும் இரவு முழுவதும் அப்படித்தான் அழுத்தி வாசித்தேன். மேலுதட்டின் உட்புறம் கிழிந்து இரண்டு மாதம் கருவியைத் தொட முடியவில்லை. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே 1930களில் உதட்டுக் காயத்தால் வாசிப்பை நிறுத்தி ஓய்வெடுக்க நேர்ந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை இப்படிக் கிழிவதை மருத்துவர்கள் அவருடைய பட்டப்பெயரைச் சேர்த்து ‘சாட்ச்மோ’ நோய்க்குறி என்கிறார்கள்.

நாதஸ்வரக்காரர், வாயில் வைத்து ஊத அதிர்ந்து ஒலி தரும் நாணல் துண்டான சீவாளியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கவனித்திருப்பாய். டிரம்பெட்டுக்குச் சீவாளி கிடையாது. உன் இரண்டு உதடுகள்தான் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. நம் கோயில்களில் ஊதும் தாரைக்கும் கொம்புக்கும் இதே முறைதான். சுமார் ஒன்றரை மீட்டர் பித்தளைக் குழாய் அந்த அதிர்வைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவே. உதட்டை நசுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், அதிர்வு சாகும். அது சாகச் சாக நீ இன்னும் அழுத்துவாய்.

காலையில் கருவியை எடுக்காதே. கண்ணாடி முன் நின்று ‘ம்’ என்று சொல். உதடுகள் சேரும் அந்த நிலையே தொடக்கம். வாயின் இரு ஓரங்களும் உறுதியாக இருக்கட்டும், நடுப்பகுதி இளகியிருக்கட்டும், கன்னம் உப்ப வேண்டாம். அடிவயிற்றிலிருந்து காற்றை விடு. வண்டு ரீங்கரிப்பது போல ஒலி வரும். மவுத்பீஸ் இல்லாமல் வெறும் உதட்டால் செய்வது பயன்படாது என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கு அது உதவியது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் செய்யாதே.

அடுத்து மவுத்பீஸ் மட்டும். அதன் வால் நுனியை இரண்டு விரலால் பிடி. அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ச, ப, மேல் ச என்று ஊது. கருவியில் விரலால் அழுத்தும் வால்வு உதவும் என்று காதை ஏமாற்றலாம், இங்கே முடியாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போ, நடுவில் ஒலி அறக்கூடாது.

அதற்குப் பிறகுதான் டிரம்பெட். வால்வு எதையும் அழுத்தாமல் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் என்று உதட்டாலும் காற்றாலும் மட்டுமே ஏறி இறங்கு. கல்யாணத்தில் உன்னைப் படுத்திய பஞ்சமம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிப் பிடித்து நீண்ட கார்வை கொடு; மெதுவாகத் தொடங்கிப் பெருக்கி மீண்டும் தணி. வாசித்த நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஓய்வு. உதடு கூசினால் அன்றைக்கு அத்தோடு போதும், மறுநாள் கச்சேரி இருந்தாலும் சரி. வாசித்து முடித்ததும் குதிரை கனைப்பது போல உதட்டைப் படபடவென்று தளர விடு.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் உதட்டை வெடிக்க வைக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவு; வாசிக்கும் முன் துடைத்துவிடு, மவுத்பீஸ் வழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா கண்ணு. மவுத்பீஸை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும். டிரம்பெட் உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்